நிலம் என்னும் சொல்லும் பதிவேட்டின் நிலமும்: கேரள நெல்வயல் – தண்ணீர்த்தடப் பாதுகாப்புச் சட்டத்தை முன்வைத்து ஒரு மறுப்புரை

கேரள மாநிலத்துக் கிராம அலுவலகங்களில் பேணப்படும் அடிப்படை வரிப் பதிவேட்டில் தனியார் மண் முழுவதும் பெரும்பாலும் இரண்டே சொற்களுக்குள் அடங்கிவிடுகிறது. ஒன்று ‘நிலம்’, மற்றொன்று ‘புரையிடம்’. தொல்காப்பியம் முதற்பொருளாகக் கூறும் நிலம், பொழுது என்னும் இணையில் ‘நிலம்’ என்பது மலை, காடு, வயல், கடற்கரை அனைத்துக்கும் பொதுவான சொல். கேரள வருவாய்த் துறை வழக்கிலோ அது நெல் விளையும் நன்செய் ஒன்றனையே குறிக்கும். புரை என்பது வீடு. வீடும் தென்னையும் பலாவும் கிணறும் அமைந்த மேட்டு மண் புரையிடம். ஓர் அளவை எண்ணுக்கு எதிரே ‘நிலம்’ என்று எழுதப்பட்டிருக்கும்வரை அங்கே கட்டட அனுமதி பெறுதல் அரிது. ‘புரையிடம்’ என்று அது மாறிவிடின் அதே மண் பன்மடங்கு விலை பெறுகிறது. தடை மண்ணின்மீது விதிக்கப்பட்டதுபோல் தோன்றினாலும், நடைமுறையில் அது ஒரு சொல்லின்மீது விதிக்கப்பட்டதே ஆகும்.

சேரநாட்டின் வயலையும் கழியையும் பாடிய செய்யுள்களைத் தன் முதுசொமாகக் கொண்டாடும் தமிழாய்வுலகம், அதே சேரநாட்டின் வயல் ஒரு தமிழ்ச் சொல்லின் பொருள்மாற்றத்தால் மறைந்து வருவதைக் குறித்துப் பேசியது மிகக் குறைவு. கடந்த கால் நூற்றாண்டில் திணைக்கோட்பாட்டையும் சூழலியலையும் இணைத்து எழுந்த கட்டுரைகள் ஏராளம். அவற்றுள் பெரும்பாலானவை மருதத்தின் மரங்களை எண்ணுகின்றன. நெய்தலின் பறவைகளைப் பட்டியலிடுகின்றன. பண்டைத் தமிழர் இயற்கையோடு இயைந்து வாழ்ந்தனர் என்ற முடிவில் இளைப்பாறுகின்றன. அம்முடிவு சரியா தவறா என்பது ஒருபுறம் இருக்க, அது எவருக்கும் எத்தொல்லையும் தராத முடிவு என்பதே அதன்மீதுள்ள முதற்குற்றம். வயலை நிரப்புகிறவரும் அம்முடிவைக் கேட்டுக் கைதட்டலாம்.

வயலைக் காக்கக் கேரளம் இயற்றிய சட்டம் 2008ஆம் ஆண்டின் 28ஆம் சட்டம். மலையாளத்தில் அதன் பெயர் நெல்வயல் – தண்ணீர்த்தட ஸம்ரக்ஷண நியமம். முதல் நான்கு சொற்களும் தமிழ் மாணவர் எவருக்கும் அகராதி வேண்டாதவை. அவ்வாண்டு ஆகஸ்டு 12ஆம் நாள் நடைமுறைக்கு வந்த இச்சட்டம் வெற்றிடத்தில் பிறந்ததன்று. அத்தியாவசியப் பொருள்கள் சட்டத்தின்கீழ் 1967இல் வெளியான நிலப் பயன்பாட்டு ஆணை, உணவுப் பயிர் விளையும் நிலத்தை ஆட்சியரின் ஒப்புதலின்றி வேறு பயனுக்கு மாற்றலாகாது என்று முன்னரே கூறியிருந்தது. அவ்வாணை உணவு உற்பத்தியை மட்டுமே நோக்கியது. நீரைப் பற்றி அதற்குக் கவலை இல்லை. ஆணை இருந்தும் 1970களின் நடுவில் ஏறத்தாழ 8.8 இலட்சம் ஹெக்டேராக இருந்த நெல் சாகுபடிப் பரப்பு, 2008 அளவில் சுமார் 2.3 இலட்சம் ஹெக்டேராகச் சுருங்கியது. இடையில் 1997இல் வி. எஸ். அச்சுதானந்தன் முன்னின்று ஊக்க, விவசாயத் தொழிலாளர் சங்கத்தார் வயல்களில் நடப்பட்ட மாற்றுப் பயிர்களை வெட்டிச் சாய்த்தனர். ‘வெட்டிநிரத்தல்’ என்று இதழ்கள் அதனை எள்ளின. நிரத்தல் என்பது தமிழின் நிரவுதலோடு ஒப்பு நோக்கத்தக்கது. அன்று எள்ளப்பட்ட அதே தலைவர் முதலமைச்சராக இருந்தபோதுதான் 2008ஆம் ஆண்டுச் சட்டம் நிறைவேறியது.

அச்சட்டத்தின் உயிர்நிலை அதன் வரையறைப் பகுதியில் இருக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறையேனும் நெல் விளையும் இடம் நெல்வயல்; நெல் விளைதற்கு ஏற்றதாயிருந்தும் பயிரிடப்படாது தரிசாகக் கிடக்கும் இடமும் நெல்வயல்; அதனைச் சார்ந்த வரப்பு, வடிகால், குளம், வாய்க்கால் ஆகியனவும் நெல்வயல். இவ்வரையறையை எழுதியவர் எவராயினும் அவர் மண்ணை அறிந்தவர். தரிசு போட்டால் வயல் வயலாக இராது என்னும் வாதத்துக்கு அவர் இடம் வைக்கவில்லை. கால்வாயைத் தனியே பிரித்து மூடிவிட்டு, வயலைத் தொடவில்லை என்று கூறும் தந்திரத்துக்கும் இடம் வைக்கவில்லை. நெல்வயல் என்பது பயிரின் பெயரன்று, நீர் நிற்கும் ஒரு நிலவடிவத்தின் பெயர் என்பதே அவ்வரையறையின் உட்கிடை. உரிமையாளர் வயலை மாற்றலாகாது என்றும், மீறினால் ஆறு திங்களுக்குக் குறையாத, ஈராண்டுவரை நீளக்கூடிய சிறைத்தண்டனை உண்டு என்றும், மாவட்ட ஆட்சியர் நிரப்பப்பட்ட வயலை முன்னிருந்த நிலைக்கு மீட்கலாம் என்றும் சட்டம் விதித்தது. ஊராட்சித் தலைவர், வேளாண் அலுவலர், கிராம அலுவலர், உழவர் பேராளர்கள் அடங்கிய உள்ளூர்க் கண்காணிப்புக் குழு ஒவ்வோர் ஊரிலும் வயல்களைக் கணக்கெடுத்துத் தரவு வங்கி ஒன்றனை உருவாக்க வேண்டும் என்றும் கூறியது.

இத்தரவு வங்கியே பின்னர்ச் சட்டத்தின் கழுத்தில் விழுந்த சுருக்காயிற்று. பல ஊராட்சிகளில் கணக்கெடுப்பு ஆண்டுக்கணக்கில் இழுத்தடிக்கப்பட்டது. உருவான வங்கிகளிலும் பிழைகள் மலிந்தன. என்றோ வீடு எழுந்துவிட்ட மனைகள் வயலாகப் பதிந்தன. நீர் நிற்கும் வயல்கள் விடுபட்டன. முதல்வகைப் பிழை ஓர் உரிமையாளரைத் துன்புறுத்துவதால் அவர் விண்ணப்பிக்கிறார்; வழக்காடுகிறார்; ஆகவே அது வெளிச்சத்துக்கு வருகிறது. இரண்டாம் வகைப் பிழையை எடுத்துரைக்க எவரும் இல்லை. வயல் வழக்காடாது. பிழைதிருத்தம் என்ற பெயரில் நிகழ்வன பெரும்பாலும் ஒரே திசையில், அதாவது வயலை வங்கியிலிருந்து நீக்கும் திசையில் மட்டுமே நிகழ்வதற்கு இதுவே காரணம்.

அரசியல் கட்சிகள் இவ்வகையில் ஒன்றற்கொன்று சளைத்தவையல்ல. 2015இல் அன்றைய ஐக்கிய சனநாயக முன்னணி அரசு, நிதிச் சட்டத்தின் வழியாக 3அ என்னும் பிரிவைப் புகுத்தி, 2008க்கு முன் நிரப்பப்பட்ட வயல்களைக் கட்டணம் பெற்று முறைப்படுத்த முற்பட்டது. அடுத்து வந்த இடது சனநாயக முன்னணி அரசு 2016இல் அப்பிரிவை நீக்கிப் பாராட்டுப் பெற்றது. அதே அரசு 2017 டிசம்பர் இறுதியில் அவசரச் சட்டமாகவும் 2018 ஜூனில் சட்டத்திருத்தமாகவும் 27அ என்னும் பிரிவைக் கொண்டுவந்தது. அதில் பிறந்த புதிய சொற்றொடர் ‘அறிவிக்கை செய்யப்படாத நிலம்’ என்பது. வரிப் பதிவேட்டில் வயலாக இருந்தும் தரவு வங்கியில் வயலாக அறிவிக்கப்படாத இடம் என்பது அதன் பொருள். அவ்விடத்தின் உரிமையாளர் வருவாய்க் கோட்ட அலுவலரிடம் விண்ணப்பித்துக் கட்டணம் செலுத்தினால் அதன் தன்மையை மாற்றிக்கொள்ளலாம். பரப்பு 50 சென்டுக்கு மிகுமாயின் பத்திலொரு பங்கை நீர்ப் பாதுகாப்புக்கு ஒதுக்க வேண்டும் என்றும், அண்டை வயலின் நீரோட்டம் தடைப்படலாகாது என்றும் நிபந்தனைகள் உண்டு. மலையாளத்தில் இதற்கு வழங்கும் பெயர் ‘தரம் மாற்றம்’.

திருத்தத்துக்கு அரசு கூறிய நோக்கம், 2008க்கு முன்பே உருமாறிவிட்ட இடங்களின் உரிமையாளர்களைச் சிக்கலிலிருந்து விடுவிப்பது. அந்நோக்கத்தில் நியாயம் உண்டு. ஆனால் நிகழ்ந்தது அஃது ஒன்று மட்டும் அன்று. 2008ஆம் ஆண்டுச் சட்டம் ‘இம்மண் எத்தகையது?’ என்று வினவியது. 2018ஆம் ஆண்டுத் திருத்தம் ‘இம்மண் எதில் எழுதப்பட்டிருக்கிறது?’ என்று வினவுகிறது. முதல் வினாவுக்கு விடை காணக் கால் சேற்றில் பதிய வேண்டும். இரண்டாம் வினாவுக்குத் தாள் புரட்டினால் போதும். வரையறை நீக்கப்படவில்லை, அது இன்றும் சட்டத்தில் இருக்கிறது. அதனை அணுகும் வாயில் மட்டும் மாற்றப்பட்டுவிட்டது. ஒரு சட்டத்தை நீக்காமலே அதன் பல்லைப் பிடுங்குவதற்கு இதனினும் நயமான வழி இல்லை.

நீதிமன்றம் இதனை ஓரளவு உணர்ந்திருக்கிறது எனலாம். தரவு வங்கியிலிருந்து நீக்கக் கோரும் வழக்குகளில், சட்டம் நடைமுறைக்கு வந்த நாளில் அவ்விடம் எந்நிலையில் இருந்தது, நெல் விளைதற்கு ஏற்றதா என்பனவே பார்க்கத்தக்கவை என்று கேரள உயர்நீதிமன்றம் பலமுறை கூறியுள்ளது. எனினும் விண்ணப்பங்கள் இலட்சக்கணக்கில் குவிந்து கிடக்க, அவற்றை விரைந்து முடிப்பதே ஆட்சித் திறனாகப் போற்றப்படும் சூழலில், அலுவலர் ஒவ்வொரு வயலிலும் இறங்கிப் பார்ப்பார் என்று எதிர்பார்ப்பது பேதைமை.

இனி, நெல்வயலை ஏன் காக்க வேண்டும் என்னும் அடிப்படை வினா. அரிசி அண்டை மாநிலங்களிலிருந்து வருகிறதே, வயல் எதற்கு என்று கேட்போர் அங்கும் உண்டு, இங்கும் உண்டு. கேரளத்தில் ஆண்டுக்குச் சராசரியாக 3,000 மில்லிமீட்டர் அளவுக்கு மழை பெய்கிறது. மலைத்தொடருக்கும் கடலுக்கும் இடையே அகலம் குறைந்த நாடு அது. 44 ஆறுகளுள் 41 மேற்கு நோக்கிச் சரிந்து விரைவில் கடல் சேர்கின்றன. இடைநாட்டில் செம்பூரான் கல்லால் ஆன சிறு குன்றுகளும், குன்றுகளுக்கு இடையே பள்ளத்தாக்கை நிறைத்துக் கிடக்கும் வயல்வெளிகளும் மாறிமாறி வருகின்றன. இவ்வயல்வெளிகளுக்கு ‘ஏலா’ என்பது பெயர். குன்றில் விழும் மழை ஏலாவில் தங்குகிறது. அங்கிருந்து மெல்ல மண்ணுள் இறங்கிக் குன்றின் அடிவாரக் கிணறுகளில் ஊறுகிறது. வீட்டுக்கு ஒரு கிணறு என்னும் கேரள வாழ்க்கைமுறை ஏலாவின் கொடை. எனவே ஏலாவை நெல்லின் தொழிற்கூடமாக மட்டும் காண்பவர் அதன் பாதியைக் காணாதவர்.

ஏலாவை நிரப்ப மண் வேண்டும். அம்மண் வானத்திலிருந்து வருவதில்லை. அருகிலுள்ள குன்றை வெட்டியே அது கொண்டுவரப்படுகிறது. ஒரு வயல் மறையும்போது ஒரு குன்றும் மறைகிறது; நீரைத் தாங்கிய பள்ளமும் நீரைப் பிடித்த மேடும் ஒருசேரச் சமமாகின்றன. திணைமயக்கம் பற்றி எழுதும் ஆய்வாளர்கள் இந்த மயக்கத்தைக் கருத்தில் கொள்ளவில்லை. குறிஞ்சி வந்து மருதத்தின்மேல் கொட்டப்படும் இவ்வகை மயக்கத்துக்கு இலக்கண நூலார் விதி வகுக்கவில்லை. உரையாசிரியரும் காட்டு தரவில்லை.

2018 ஜூனில் திருத்தம் நிறைவேறியது. அவ்வாண்டு ஆகஸ்டில் வெள்ளம் வந்தது. ஜூன் 1 முதல் ஆகஸ்டு 19 வரை பெய்த மழை 2,346.6 மில்லிமீட்டர் என்றும், அது வழக்கமான அளவைவிட 42 விழுக்காடு மிகுதி என்றும் நடுவண் நீர் ஆணையம் கணக்கிட்டது. நானூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். திருத்தத்தால் வெள்ளம் வந்தது என்று கூறுவது அறிவுடைமை ஆகாது. அத்தகைய மழைக்கு எந்த நாடும் தடுமாறும். ஆயினும் அரை நூற்றாண்டில் ஆறு இலட்சம் ஹெக்டேருக்கும் மேலாக நெல் பரப்பு குறைந்த ஒரு நாட்டில், நீர் தங்குவதற்கு இடம் எங்கே என்று கேட்பது அறிவுடைமை. குறைந்த பரப்பு முழுவதும் நிரப்பப்பட்டதன்று. ஒரு பங்கு வாழைக்கும் கமுகுக்கும் போயிற்று, ஒரு பங்கு தரிசாயிற்று. நிரப்பப்பட்ட பங்கு மீளாது என்பதே வேறுபாடு. அவ்வெள்ளத்தின்போது ஆறுகள் தம் பழைய பள்ளங்களைத் தாமே தேடிச் சென்றன. அவற்றில் இருந்த பல வீடுகள் ‘புரையிடம்’ என்று ஒழுங்காகப் பதிவானவை.

பொதுநலம் என்னும் பெயரால் வயல் இழக்கப்படுவது மற்றொரு வழி. கண்ணூர் மாவட்டம் கீழாற்றூரில் தேசிய நெடுஞ்சாலையின் புறவழி வயலின் ஊடே செல்வதை எதிர்த்து ‘வயல்கிளிகள்’ என்ற பெயரில் ஊரார் திரண்டனர். அவர்களுள் பலர் ஆளுங்கட்சியின் நெடுநாள் ஊழியர்கள். 2018 மார்ச்சில் அவர்களது போராட்டப் பந்தல் எரிக்கப்பட்டது. வளர்ச்சிக்குத் தடை என்று அவர்கள் பழிக்கப்பட்டனர். அதே நெடுஞ்சாலை மலப்புறம் மாவட்டம் கூரியாட்டில் வயலின்மீது மண்மேடிட்டு அமைக்கப்பட்டது. 2025 மே 19ஆம் நாள் அம்மேடு சரிந்து சாலை பிளந்தது. அடியிலிருந்த வயல்மண் நீரில் ஊறிச் சுமையைத் தாங்கவில்லை என்பது அதிகாரிகள் கூறிய காரணம். அவ்விடத்தில் மண்மேட்டுக்கு மாற்றாகத் தூண்கள்மேல் பாலம் கட்டுவது என்று பின்னர் முடிவாயிற்று. நீர் நிற்கும் மண் என்பதனை உழவன் சொன்னபோது அது பிற்போக்கு; பொறியாளர் சொன்னபோது அது காரணம்.

ஆறன்முளையில் கதை வேறுவகையில் முடிந்தது. பம்பையாற்றங்கரையில் தனியார் விமான நிலையத்துக்காக வயலும் ஓடையும் நிரப்பப்பட்டதை எதிர்த்த இயக்கத்தின் முன்னணியில், அவ்வூரைப் பூர்விகமாகக் கொண்ட கவிஞர் சுகதகுமாரி நின்றார். 2014 மே மாதம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு அத்திட்டத்துக்கு அளிக்கப்பட்ட சுற்றுச்சூழல் ஒப்புதலை நீக்கியது. கவிதையில் வயலைப் பாடுவது கவிஞர் கடமை, வயலைக் காப்பது வேறு எவர் கடமையோ என்று அவர் பிரித்துக்கொள்ளவில்லை.

இத்தகைய தடைச் சட்டங்களை எதிர்ப்போரின் வாதங்களுள் ஒன்று மட்டும் வலிமையுடையது. அதனைப் புறந்தள்ள முடியாது. தடையின் சுமை யார்மீது விழுகிறது என்பதே அது. வேறு மண் இல்லாத ஏழை, குறைந்த விலைக்குக் கிடைத்த சில சென்டு வயலை வாங்குகிறான். வீடு கட்டப் போகும்போது சட்டம் குறுக்கே நிற்கிறது. வயலைக் காப்போம் என்று முழங்குவோர் மேட்டில் வீடு உடையவர்கள். மேலும் அவ்வயல்களில் தலைமுறை தலைமுறையாகச் சேற்றில் நின்றவர்கள் வயலுக்கு உரியவர்களாக இருந்ததில்லை. தகழி சிவசங்கரப் பிள்ளையின் ‘ரண்டிடங்ஙழி’ (1948) புனைந்து காட்டும் குட்டநாட்டுப் பறையரும் புலையரும் நெல்லை விளைவித்தார்கள், நெல் அவர்களுடையதாயில்லை. 1970இல் நடைமுறைக்கு வந்த நிலச்சீர்திருத்தம் குத்தகை உழவரை உரிமையாளராக்கியது; குடிசைவாசியான தொழிலாளிக்கு ஊராட்சிப் பகுதியில் 10 சென்டு அளவுக்குக் குடியிருப்பு மண் தந்ததோடு நின்றது. இவ்வரலாற்றை மறைத்துவிட்டு மருதத்தின் வளத்தைப் பாடுவது நேர்மையன்று.

ஆனால் இவ்வாதத்தைக் கொண்டு 27அ பிரிவை நியாயப்படுத்துவோர் மூலச் சட்டத்தைப் படித்ததாகத் தெரியவில்லை. வேறு இடமற்ற உரிமையாளர் சொந்தமாகக் குடியிருக்க ஊராட்சியில் 10 சென்டும் நகராட்சியில் 5 சென்டும் வயலில் வீட்டுக்காக மாற்ற உள்ளூர்க் கண்காணிப்புக் குழு பரிந்துரைக்கலாம் என்பது 2008ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே உண்டு. ஏழைக்கு வேண்டியிருந்தது அவ்வழியை எளிதாக்குவதே. புதிய பிரிவோ வீட்டோடு வணிகப் பயனையும் சேர்த்தே பேசுகிறது. 2021இல் 25 சென்டு வரை கட்டண விலக்கு அளிக்கப்பட்டபோது, பெரும்பரப்புகள் அவ்வளவுக்குள் துண்டாடப்படும் என்ற அச்சமும் உடன் எழுந்தது. மண்ணற்றவருக்கு மண் தரும் உண்மையான நோக்கம் இருப்பின், நிலச்சீர்திருத்தம் விலக்கு அளித்த தோட்ட நிலங்களைப் பற்றிப் பேச வேண்டும். 2007இல் செங்ஙறையில் குடிசையிட்ட மக்கள் கேட்டதும் தோட்ட மண்ணையே. தேயிலைக்கும் இரப்பருக்கும் உரிய மேட்டு நிலத்தைத் தொடாமல், ஏழையின் பெயரால் வயலைத் திறந்துவிடுவது ஏழைக்குச் செய்யும் உதவியன்று. அவனை முன்னிறுத்திச் செய்யும் வணிகம். வெள்ளம் வரும்போது முதலில் மூழ்குவதும் அந்தச் சில சென்டுகளே.

காப்பவருக்கு அரசு என்ன தருகிறது என்பதும் காணத்தக்கது. நெல்வயலைப் பேணும் உரிமையாளருக்கு ‘ராயல்டி’ என்ற பெயரில் ஹெக்டேருக்கு ஆண்டொன்றுக்கு 2,000 ரூபாய் தரும் திட்டம் 2020இல் தொடங்கிற்று. பின்னர் அது 3,000 ஆயிற்று. இந்தியாவில் நெல்வயலின் சூழற்பணிக்கு விலை தரும் முயற்சி என்ற வகையில் அது வரவேற்கத்தக்கது. ஆனால் ஒரு ஹெக்டேர் ஏறத்தாழ 247 சென்டு. தொடக்க விகிதத்தின்படி சென்டுக்கு ஆண்டுக்கு எட்டு ரூபாய் வருகிறது. தரம் மாற்றத்தால் சென்டுக்குக் கிடைக்கும் விலையை அதனருகில் வைத்தால் உரிமையாளர் எதனைத் தேர்வார் என்பதற்கு ஆய்வு வேண்டியதில்லை. தடை மட்டும் இருந்து ஈடு இல்லாதபோது தடையை எவரும் மனமாரப் போற்றுவதில்லை.

அனைத்திந்திய அளவில் நிலைமை இன்னும் மோசம். ராம்சர் உடன்படிக்கை நாடுகள் 2008இல் கொரியாவின் சாங்வோனில் கூடியபோது நெல்வயல்களை ஈரநில அமைப்புகளாகக் கருதி அவற்றின் பல்லுயிர் வளத்தைப் பேணுமாறு தீர்மானித்தன. இந்தியாவும் அதில் உறுப்பு நாடு. ஆனால் 2017இல் நடுவண் அரசு வெளியிட்ட ஈரநில விதிகள் ஈரநிலம் என்பதன் வரையறையிலிருந்து நெல்வயலை வெளிப்படையாக விலக்கின. பாசனத்துக்கென அமைக்கப்பட்ட நீர்நிலைகளையும் விலக்கின. கேரளச் சட்டமும் நெல்வயலைத் தண்ணீர்த்தடத்திலிருந்து பிரித்தே வரையறுக்கிறது. ஆனால் அது இரண்டையும் காக்கும் பொருட்டுச் செய்த பிரிவினை. தரவு வங்கியில் நெல்வயலாகப் பதியாத ஒரு வயல் தண்ணீர்த்தடமாகவும் கொள்ளப்படாது. நடுவண் விதியின் ஈரநிலமும் ஆகாது. மூன்று வேலிகளுக்கு இடையே திறந்து கிடக்கும் சந்து அது. பிற மாநிலங்களில் கேரளச் சட்டத்தின் அளவுக்கேனும் ஒரு தடை நெல்வயலுக்கு இருக்கிறதா என்று கேட்டால் பெருமைப்படத்தக்க விடை கிடைப்பதில்லை.

இங்கே தமிழாய்வாளர் செய்யத்தக்கது என்ன? வழக்குரைஞரின் பணியை அவர் ஏற்க வேண்டியதில்லை. சொல்லின் வரலாறு அவரது களம். ‘தரம் மாற்றம்’ என்பதிலுள்ள தரம் புதிய சொல்லன்று. சோழர் கல்வெட்டுகளில் நிலத்தின் விளைதிறனுக்கேற்ப வரி வகுக்கப்பட்டபோது தரம் பெற்ற நிலமும் தரமிலியும் தோன்றின. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ஊர்நத்தம், குளம், வாய்க்கால், சேரிகள், சுடுகாடு ஆகியன வரி நீங்கிய பரப்பாகக் கழிக்கப்பட்டதும் அறிஞர் அறிந்ததே. அக்கழிவு சூழல் காக்கச் செய்ததன்று. வரி விதிக்கச் செய்தது. அதனைப் பண்டைத் தமிழரின் சூழலியல் அறிவு என்று பறைசாற்றுவது மிகை. ஆனால் அங்கே குளம் குளமாகவே பெயர் பெற்றது. வாய்க்கால் வாய்க்காலாகவே அளக்கப்பட்டது. பொதுவுக்கு உரிய மண்ணைச் சுட்டிய ‘புறம்போக்கு’ என்னும் சொல் இன்று வசைச்சொல்லாகியிருப்பதையும் இதனோடு எண்ணிப் பார்க்கலாம். தகழியின் மற்றொரு நாவலாகிய ‘கயர்’ (1978), நிலத்தை அளந்து வகைப்படுத்த வரும் அதிகாரியின் வருகையோடு தொடங்குவது தற்செயலன்று. நிலத்துக்குப் பெயரிடும் உரிமை எவரிடம் செல்கிறதோ அவரிடமே நிலமும் செல்லும் என்பதை அந்நாவலாசிரியர் அறிந்திருந்தார். அவர் தொழிலால் வழக்குரைஞர்.

பாலைக்குத் தனி நிலம் இல்லை. பிற நிலங்கள் இயல்பு கெட்டுக் கொள்ளும் வடிவமே அது என்பது சிலப்பதிகாரத்தின் வழியே தமிழ் மாணவர் அனைவரும் கற்ற பாடம். வகுப்பறையில் அது ஒரு தேர்வு வினாவாகச் சுருங்கிவிட்டது. நிலத்தின் பெயர் நிலையானதன்று, அது ஒரு நிலைமையின் பெயர் என்னும் கூர்மையான கருத்து அதில் இருக்கிறது. புரையிடமும் அவ்வாறே, பல இடங்களில் அது தனி நிலமன்று, வயல் இயல்பு கெட்டுக் கொண்ட வடிவம். திணையை உற்பத்தி உறவுகளோடு வைத்து நோக்க வேண்டும் என்று கா. சிவத்தம்பி 1974இலேயே எழுதினார். அவ்வழியில் சென்றிருந்தால் திணையாய்வு இன்று பட்டாவையும் பதிவேட்டையும் வந்து தொட்டிருக்கும். மாறாக அது பூக்களின் பட்டியலுக்குத் திரும்பிவிட்டது.

நீதிமன்றம் கேட்கும் வினா, 2008 ஆகஸ்டு 12ஆம் நாள் இவ்விடம் என்னவாக இருந்தது என்பது. செயற்கைக்கோள் படம் அதற்கு ஒரு சான்று. படத்தில் தெரியாததை ஊர்ப்பெயரும் வயற்பெயரும் கூறும். குட்டநாடு என்பதன் முதற்சொல் ஆழத்தையும் நீர்நிலையையும் உணர்த்தும் ‘குட்டம்’ என்பதோடு இயைவது; சேரர் குட்டுவர் எனப்பட்டதும் அதனோடு தொடர்புடையது. அந்நாட்டின் வயல்கள் கரப்பாடம், கரிநிலம், காயல்நிலம் என மூவகையாக வழங்குகின்றன. கரிநிலம் என்பது நெடுங்காலத்துக்கு முன் நீரில் மூழ்கிக் கரியாகிப்போன மரங்களை அடியில் கொண்ட கருமண். ராமங்கரி, மித்ரக்கரி, சென்னங்கரி என ஊர்கள் அம்மண்ணின் பெயரை இன்றும் தாங்கி நிற்கின்றன. திருச்சூர்ப் பகுதியின் கோள் நிலங்கள், எறணாகுளத்தை அடுத்த பொக்காளி வயல்கள், கண்ணூரின் கைப்பாட்டு வயல்கள் எனச் சேரநாட்டு வயலுக்கு நீரின் தன்மைக்கேற்ப வேறுவேறு பெயர்கள் இருந்தன. பொக்காளியில் மழைக்காலத்தில் நெல்லும் பின்னர் இறாலும் விளையும். உவர்நீர் அங்கே பகையன்று. இத்தனை பெயர்களையும் வரிப் பதிவேடு ‘நிலம்’ என்னும் ஒரே சொல்லுக்குள் அடைத்தது; தரவு வங்கியில் இடம் பெறாதபோது அந்த ஒரு சொல்லும் கட்டணத்துக்கு விற்பனையாகிறது. இப்பெயர்களை ஊர்தோறும் திரட்டி, அளவை எண்களோடு பொருத்தி, கண்காணிப்புக் குழுக்களின் முன் வைக்கத்தக்க சொற்றொகுதி ஒன்றனை ஆக்கும் பணி திருவனந்தபுரம் முதல் தில்லிவரை உள்ள எந்தத் தமிழ்த் துறைக்கும் அப்பாற்பட்டதன்று. முனைவர்ப் பட்டத்துக்கு மருதத் திணையில் இன்னொரு தலைப்புத் தேடும் மாணவர் பலர் இருக்கின்றனர். சென்னங்கரியின் வயல்கள் தரவு வங்கியில் எப்பெயரால் பதிந்துள்ளன என்பதிலிருந்து அவர்கள் தொடங்கலாம்.